பழைய கணக்கு புது கம்ப்யூட்டரில் திறக்கவில்லையா?



திண்டிவனம் அலுவலகத்தில் ஒரு நாள். ஒலக்கூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா பாஸ்புக்கை மேசையில் வைத்தார். "மூணு தவணை கட்டிட்டேன் மேடம். இதோ கையெழுத்து இருக்கு. கம்ப்யூட்டர்ல இல்லன்னா நான் இன்னா பண்றது?"

பாஸ்புக்கில் இருந்தது. பற்றுச்சீட்டும் இருந்தது. கம்ப்யூட்டரில் மட்டும் மூன்று தவணையும் பாக்கி என்று காட்டியது. எல்லார் பார்வையும் கணக்காளர் மேல் போனது. அந்தப் பெண் அழுதுவிட்டார். "நான் அன்னன்னிக்கே ஏத்திட்டேன் மேடம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னதுதான் உண்மை.

நடந்தது இதுதான். நம் கணக்கு சாப்ட்வேர் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வாங்கியது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர் பழுதானதும் விண்டோஸ் 11 உள்ள புதியது வாங்கினோம். பழைய சி.டி.யைப் போட்டதும் சாப்ட்வேர் ஓடியது. ஓடுகிறதே என்று நாமும் சந்தோஷமாக விட்டுவிட்டோம். அங்கேதான் கோட்டை விட்டோம்.

எக்ஸ்பி காலத்து சாப்ட்வேர், தான் இருக்கிற 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள்ளேயே கணக்கையும் எழுதும். 2007-ல் வந்த விஸ்டாவிலிருந்து அந்த ஃபோல்டருக்குப் பூட்டு போட்டுவிட்டார்கள். வைரஸ் உள்ளே போய் எதையும் மாற்றக் கூடாது என்பதற்காக. பழைய சாப்ட்வேருக்கு இந்தப் பூட்டு விஷயம் தெரியாது, எழுதப் போகும். அப்போது விண்டோஸ் தப்பு என்று சொல்லாமல், லாகின் செய்திருப்பவர் பெயரில் 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்ற தனி ஃபோல்டரில் ஒரு நகல் எடுத்து அதில் எழுத விட்டுவிடும். கணக்காளர் தன் லாகினில் எழுதினார். நாங்கள் எங்கள் லாகினில் பார்த்தோம். ஒரே நோட்டு என்று நினைத்திருந்தோம், இரண்டு நோட்டு ஓடியிருக்கிறது!

உங்கள் கூட்டமைப்பிலும் இப்படி இருந்தால் இங்கே தேடுங்கள்: சி டிரைவ், யூசர்ஸ், லாகின் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல் ஸ்டோர். ஆப்டேட்டா மறைந்திருக்கும். 'வியூ' மெனுவில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்தால் தெரியும். எதையும் தொடுவதற்கு முன் எல்லா லாகின் நகலையும் பென் டிரைவில் தனித்தனியாக எடுத்து வையுங்கள். பிறகு, எது கடைசியாக மாறியது என்று தேதியைப் பாருங்கள்.

எங்களுக்கு அதிர்ஷ்டம், மற்ற லாகினில் யாரும் வரவு போடவில்லை. சாப்ட்வேரை சி டிரைவில் நேராக ஒரு புது ஃபோல்டர் போட்டு அதில் ஏற்றினோம். அங்கே அந்தப் பூட்டு கிடையாது. கணக்காளர் நகலை அதில் வைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து பொதுப் பேரேட்டோடு சரிபார்த்தோம். இரண்டு லாகினிலும் வரவு போட்டிருந்தால் ஒன்றின் மேல் ஒன்றை காப்பி செய்யவே கூடாது, ஒன்று அழிந்துவிடும். பற்றுச்சீட்டை வைத்து விட்டுப்போனதை மறுபடி ஏற்றுவது ஒன்றே வழி.

'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் டிக் பண்ணுங்க, சரியாயிடும்' என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். சாப்ட்வேர் ஓடும்தான். ஆனால் அப்படித் திறந்தால் விர்ச்சுவல் ஸ்டோரில் எழுதியது எதுவும் தெரியாது. அதனால் முதலில் மேலே சொன்ன தேடலை முடித்துக்கொள்ளுங்கள்.

சாப்ட்வேர் திறந்ததும் மூடிக்கொண்டால் வேறு வழி. அதன் படத்தில் வலது கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'கம்பாட்டபிலிட்டி', அதில் விண்டோஸ் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7. பல சாப்ட்வேர் இதிலேயே சமாதானமாகிவிடும். 'டாட் நெட் 3.5' இல்லை என்று கேட்டால், விண்டோஸிலேயே அதைச் சேர்த்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்.

விழுப்புரம் பக்கம் ஒரு சங்கத்தில் டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ கணக்கு. 'இந்தக் கம்ப்யூட்டரில் இது ஓடாது' என்ற செய்தியோடு நின்றுவிட்டது. அந்தச் செய்தி சரிதான், 64 பிட் விண்டோஸ் டாஸ் சாப்ட்வேரை ஓட்டாது, கம்பாட்டபிலிட்டி டிக்கும் உதவாது. "ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றாராம் கம்ப்யூட்டர் பார்க்க வந்தவர். நல்லவேளை, தலைவி ஒத்துக்கொள்ளவில்லை. 'டாஸ்பாக்ஸ்' என்ற இலவச சாப்ட்வேருக்குள் அது ஓடியது. பார்க்க மட்டும் போதும் என்றால் அதுவும் வேண்டாம். 'டி.பி.எஃப்' என்று முடியும் ஃபைல்களை இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் திறந்தால் பெயர், தொகை, தேதி எல்லாம் கட்டம் கட்டமாக வரும். நகலில் மட்டும் செய்யுங்கள்.

எழுத்துப் பிரச்சினை தனி. தீர்மானங்களை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்போம். புது கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிடவில்லை. பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. ஒவ்வொன்றிலும் வரிசை வேறு. இதை ஒழுங்குபடுத்த 1999-ல் தமிழக அரசு டாம், டாப் முறைகளைக் கொண்டுவந்தது. 2010-ல் யூனிகோடுக்கு மாறியது. பழைய கம்ப்யூட்டரின் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருவைக் கொண்டுவந்து நிறுவினால் அப்படியே படிக்கலாம். பிறகு யூனிகோடு மாற்றி மூலம் மாற்றுங்கள். நடுவில் ஆங்கிலத்தில் வங்கிப் பெயர் இருந்தால் அது மட்டும் தாறுமாறாக மாறும், அதைக் கையால் திருத்த வேண்டும்.

அந்த அக்கா நாலாவது தவணை கட்ட வந்தார். "ரெண்டு பேர் லாகின்லயும் காட்டுங்க" என்று கேட்டு, இரண்டையும் பார்த்த பிறகுதான் பாஸ்புக்கை கணக்காளரிடம் நீட்டினார்.