கூடைப்பந்தாடும் சிறுவரும் தசையுறைச் சிகிச்சையும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து, களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் நுழைகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆயினும், அடிமுறைப் பயிற்சியும் வர்ம வைத்தியமும் எல்லையின் இருபுறத்தார்க்கும் பொதுவாகவே இருந்து வருகின்றன. சுளுக்கோ பிடிப்போ கண்டால் ஆசானிடம் சென்று எண்ணெயிட்டுத் தடவிக்கொள்வது இவ்வூர்களின் பழைய வழக்கம்.

கை அழுத்தத்தால் தசைப் பிடிப்பை நீக்கும் மற்றொரு முறை, ‘மயோஃபேஷியல் ரிலீஸ்’ என்னும் பெயரால் இன்று விளையாட்டுத் துறையில் வழங்குகிறது. இதனைத் தமிழில் தசையுறை நெகிழ்த்தல் எனலாம். பள்ளியில் கூடைப்பந்தாடும் சிறுவர்க்கு இது எவ்வளவு பயன்படும், எவ்விடத்தில் தீங்காகும் என்பதை ஆசிரியரும் களப்பணியாளரும் அறிந்திருத்தல் அவசியம்.

தசையுறை என்பது யாது?

பம்பளிமாசுப் பழம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் இதன் அமைப்பு எளிதில் விளங்கும். எல்லாச் சுளைகளையும் ஒரு தடித்த தோல் மூடியிருக்கிறது. ஒவ்வொரு சுளைக்கும் தனித்தோல் உண்டு. சுளைக்குள் சாறு நிறைந்த நுண்பைகளை மெல்லிய சவ்வுகள் சூழ்ந்துள்ளன. தசையும் இத்தகையதே. முழுத்தசைக்கு ஓர் உறை, இழைக்கற்றைக்கு ஓர் உறை, தனி இழைக்கு ஓர் உறை என அடுக்கடுக்காக அமைந்துள்ளது. கொலாஜன் என்னும் வலிய புரதத்தாலான இவ்வுறைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகர்வதற்கு ஹயலுரானன் என்னும் பொருள் உதவுகிறது. உணர்ச்சி நரம்புகளின் நுனிகளும் இவற்றில் மிகுதியாக உள்ளன.

முறையின் வரலாறு

1891-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தைத் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டில் அதே நாட்டின் கர்க்ஸ்வில் நகரில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், கையாற் செய்யும் சிகிச்சையைக் கற்பிக்க ஒரு பள்ளியை நிறுவினார். தசையுறையின் முக்கியத்துவத்தை அவர் வற்புறுத்தினார். ‘மயோஃபேஷியல் ரிலீஸ்’ என்னும் தொடர், 1981-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த பாடத்திட்டம் ஒன்றின் பெயராக வழக்கிற்கு வந்தது. களரியின் உழிச்சிலில் எண்ணெயிட்டு நீளமாக உழிகின்றனர். இம்முறையிலோ எண்ணெயின்றி, ஓரிடத்தில் மெதுவாக, நெடுநேரம் அழுத்துகின்றனர். சுருளையின் மேல் காலை வைத்துத் தாமே உருட்டிக்கொள்வது இதன் எளிய வடிவம்.

உண்மையில் நிகழ்வது என்ன?

அழுத்தத்தால் உறை நீண்டு தளர்கிறது என்றே முதலில் கருதினர். ஆனால் தொடையின் புறவுறையும் உள்ளங்கால் உறையும் சிறிதளவு உருமாறுவதற்குக்கூட, மனிதக் கை தரக்கூடியதை விட மிகப் பெரிய விசை வேண்டும் என்று 2008-இல் வெளியான ஒரு கணக்கீடு காட்டியது. எனவே, நரம்பு மண்டலம் தசையின் இறுக்கத்தையும் வலியுணர்வையும் சற்றுக் குறைப்பதே இதன் பயனுக்குக் காரணம் எனப் பலர் இன்று கருதுகின்றனர்.

சுருளை உருட்டியவுடன் மூட்டின் அசைவெல்லை சிறிது கூடுகிறது. தசையின் வலிமை குன்றுவதில்லை. ஆனால் இப்பயன் சில நிமிடங்களே நிலைக்கும். ஆகவே, இது பயிற்சிக்கு முன்னோடியேயன்றிப் பயிற்சிக்கு மாற்று அன்று.

கணுக்காலும் முழங்காலும்

கூடைப்பந்தில் மிகுதியாகக் காயமுறுவது கணுக்கால். தாவி இறங்குகையில் பிறர் பாதத்தின் மேல் மிதித்துச் சுளுக்குதல் பொதுவான நிகழ்ச்சி. வீக்கம் வடிந்த பின்னும் பலர்க்குக் கணுக்கால் முன்போல் மடங்குவதில்லை. அக்குறையால் இறங்கும் வேகம் முழங்காலைத் தாக்குகிறது.

ஸ்வீடன் நாட்டில் 14 முதல் 20 வயது வரையுள்ள 75 கூடைப்பந்து ஆட்டக்காரரை ஓராண்டு கவனித்து, 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இங்குக் கருதத்தக்கது. அவர்களுள் 12 பேர்க்கு முழங்காற்சில்லின் கீழுள்ள தசைநாணில் நோய் கண்டது. கணுக்கால் 36.5 பாகைக்குக் குறைவாக மடங்கியவர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு 18.5 முதல் 29.4 விழுக்காடு, மற்றவர்க்குச் சுமார் 2 விழுக்காடே. ஆய்வு சிறியதாயினும், அது தரும் எச்சரிக்கை தெளிவானது.

சுவர்ச் சோதனை

இதனை அளக்கக் கருவி வேண்டுவதில்லை. ஓர் அடிக்கோல் போதும். சிறுவன் வெறுங்காலுடன் சுவரை நோக்கி நின்று, குதிகால் எழாமல் முழங்காலை வளைத்துச் சுவரைத் தொடவேண்டும். பாதத்தைச் சிறிது சிறிதாகப் பின்னிழுத்து, தொடக்கூடிய கடைசி இடத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைக் குறிக்கவேண்டும். 1 சென்டிமீட்டர் ஏறக்குறைய 3.6 பாகைக்குச் சமம், எனவே, 36.5 பாகை என்பது சுமார் 10 சென்டிமீட்டர். இதனினும் மிகக் குறைந்தாலும், இரு கால்களுக்கிடையே 2 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டாலும் கவனம் தேவை.

அத்தகையவர் ஆட்டத்திற்கு முன், துணி சுற்றிய பிளாஸ்டிக் குழாயின் மேல் கெண்டைக்காலை வைத்து ஒரு நிமிடம் மெதுவாக உருட்டலாம். இயல்பாக மூச்சுவிட்டுப் பேசக்கூடிய அளவே அழுத்தம் இருத்தல்வேண்டும். உடனே கெண்டைக்கால் நீட்டலும், குதிகாலை உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியும் தொடரவேண்டும்; நிலையான பயன் தருவன இவையே. சிறுவர் இதனைத் தாமே செய்துகொள்ளுமாறு ஆசிரியர் கற்பித்தல் நலம். அவர்கள் உடலைத் தாம் தொட்டு அழுத்தவேண்டுவதில்லை. மாதம் ஒருமுறை அளவைக் குறிப்பேட்டில் பதிந்து வந்தால் முன்னேற்றம் தெரியும்.

அழுத்தக் கூடாத இடங்கள்

வளரும் பருவத்து எலும்பின் முனைகளில் வளர்ச்சிக் குருத்தெலும்பு உண்டு. முழங்காற்சில்லுக்குச் சற்றுக் கீழே, தசைநாண் எலும்பைப் பற்றும் இடத்தில் புடைத்து வலிக்கும் நோயை 1903-இல் ஆஸ்குட், ஷ்லாட்டர் என்னும் இரு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்தனர். தாவுதலைக் குறைப்பதே இதற்கு வழி. அவ்விடத்தை அழுத்தினால் வலி மிகும். புதிய சுளுக்கையும், முழங்காலின் பின்குழியையும் அழுத்தலாகாது. கணைக்கால் எலும்பில் ஒரே புள்ளியில் வலித்தால், ஓயாத ஓட்டத்தால் ஏற்பட்ட நுண்முறிவாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. உறக்கத்தைக் கலைக்கும் இரவு வலி, முழங்காலருகே வளரும் கட்டி, காய்ச்சலுடன் கூடிய வீக்கம் ஆகியவை பிடிப்பின் குறிகள் அல்ல. எலும்புப் புற்றுநோய் அரிதாயினும், இவ்வயதில் அது மிகுதியாகத் தோன்றுமிடம் முழங்காலின் அருகே. ஆட்டத்தில் பட்ட அடி என்று எண்ணித் தடவிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வாரமும் சிகிச்சைக்கு உரிய காலத்தை இழக்கச் செய்யும். இத்தகைய சிறுவரைப் பாறசாலை தாலுகா மருத்துவமனைக்கோ நெய்யாற்றின்கரைப் பொது மருத்துவமனைக்கோ தாமதமின்றி அனுப்பி, எக்ஸ்-ரே படம் எடுக்கச் செய்யவேண்டும்.

ஆசானின் கையை நம்பும் குடும்பத்தினரிடம் அவ்வழக்கத்தைப் பழித்துப் பேசுவதால் பயனில்லை. தசையின் அயர்ச்சிக்குக் கை உதவும், எலும்பின் நோய்க்கு மருத்துவமனையே வேண்டும் என்னும் வேறுபாட்டைக் களப்பணியாளர் எடுத்துரைத்தால், அவர்கள் உரிய காலத்தில் சிறுவரை மருத்துவரிடம் அழைத்துவருவர்.