சீருடையில் கேட்காதே

அன்புள்ள கதிர்,

ஐ.நா. அமைதிப்படைக்காகத் தெற்கு சூடான் போகும் பட்டாலியனில் உன் பெயரும் இருக்கிறது என்று அண்ணி சொன்னார். நீ வாட்ஸ்அப்பில் கேட்டிருந்ததையும் பார்த்தேன்: “அங்கே பெண்களிடம் காசு கொடுத்துப் போவது தப்பு, சரி. மனசுக்குப் பிடித்துப் பழகினால் என்ன தப்பு சித்தப்பா?”

ஹைட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். 2004 முதல் 2017 வரை அங்கே ஐ.நா. அமைதிப்படை இருந்தது. மினுஸ்தா என்று பெயர். படை போய்விட்டது, பெயர் போகவில்லை. படைவீரர்களுக்குப் பிறந்தவர்களை ஊரார் ‘மினுஸ்தா பிள்ளைகள்’ என்கிறார்கள். 2017ல் சபீன் லீ, சூசன் பார்ட்டெல்ஸ் இருவரின் ஆய்வுக்குழு சுமார் 2,500 பேரிடம், படை இருக்கும் ஊரில் பெண்களின் பிழைப்பு எப்படி என்று கேட்டது. 265 பேர் சொன்ன கதைகளில் இந்தப் பிள்ளைகள் வந்தார்கள்.

எல்லாமே பலாத்காரம் இல்லை. சில்லறைக்கும் ஒரு வேளைச் சோற்றுக்கும் நடந்தவை உண்டு. காதல்தான் என்று சொல்லப்பட்டவையும் உண்டு. ஆனால் கர்ப்பம் வெளியே தெரிந்ததும் அந்த வீரனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றே பல கதைகள் முடிகின்றன. ஹைட்டியில் பெரும்பாலானவை தனியார் பள்ளிகள். பிள்ளைக்கு ஃபீஸ் கட்டத் தாய் யாரிடம் போவாள்? அவன்மேல் குற்ற வழக்கு நடத்தும் அதிகாரமோ அவனை அனுப்பிய நாட்டுக்குத்தான்.

அந்த அதிகாரம் எப்படி நடக்கும் என்பதற்குப் பக்கத்து வீட்டுச் சங்கதி ஒன்று. 2007ல் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கை வீரர்கள் பாலியல் சுரண்டல் புகாரில் ஹைட்டியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். பத்து வருடம் கழித்து ஏ.பி. செய்தி நிறுவனம் விசாரித்தபோது ஒருவர்கூடச் சிறைக்குப் போயிருக்கவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். 2003ல் வந்த ஐ.நா. விதி, 18 வயதுக்குக் கீழே என்றால் பாலுறவு கூடவே கூடாது என்கிறது. வயது தெரியாது என்பது சாக்கு ஆகாது. பணம், வேலை, பொருள் எதற்கு ஈடாகவும் கூடாது. உதவி பெறும் மக்களோடு மற்ற உறவுகளைத் தவிர்க்கச் சொல்கிறதே ஒழிய, தடை போடவில்லை. நீ பிடித்திருப்பது அந்தச் சந்துதான். வளர்ந்த பெண்ணின் விருப்பத்தில் ஐ.நா.வுக்கு என்ன வேலை என்று பெண்ணியவாதிகளிலேயே சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. துப்பாக்கியும் ரேஷனும் கையில் வைத்திருக்கும் உனக்குக் கிடையாது.

அங்கே ஒருத்தியை நிஜமாகவே பிடித்துப்போனால், பணிக்காலம் முடியட்டும். ஊருக்கு வந்து, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, சீருடை இல்லாமல் போய்க் கேள். நானும் கூட வருகிறேன்.

உன்
சித்தப்பா