ஓட்டு எந்த ஊரில்?

ஓட்டுப் போடுவது ஒரு நாள் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறோம். மும்பை வடாலாவில் அக்கம்பக்கத்தாருக்கு வாக்காளர் படிவம் நிரப்பிக் கொடுத்துப் பழகியதில் எனக்குத் தெரிந்தது வேறு. முக்கால்வாசி வேலை வாக்காளர் பட்டியலில்தான் இருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லாதவருக்குத் தேர்தல் நாள் வெறும் லீவு நாள்.

மும்பைத் தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. பிழைப்பு இங்கே, மனசு ஊரில். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19. மும்பையில் மே 20. பள்ளி விடுமுறைக்குப் பல குடும்பங்கள் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் போயிருந்த நேரம். எங்கள் கட்டடத்துப் பாட்டி ஒருவர், "நான் ஊர்லயே போட்டுக்கிடுதேன்யா" என்பார். "பாட்டி, குழாயில தண்ணி வரலைன்னா ஊர்த் தலைவரா வந்து பார்ப்பாரு?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு ஆதாரை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு ஊரிலும் பெயர் இருக்கட்டும் என்பது கூடவே கூடாது. ஒருவர் ஒரு தொகுதிக்கு மேல் பதிவு செய்யக்கூடாது என்று 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. எங்கே குடியிருக்கிறோமோ அங்கே ஓட்டு. புதிதாகச் சேர படிவம் 6. வீடு மாறினால் படிவம் 8. வடாலாவில் பழைய கட்டடங்கள் இடிபட்டு, வாடகை வீட்டுக்கோ டிரான்சிட் கேம்ப்புக்கோ போகிறவர்கள் ஏராளம். ரேஷன் கார்டு, கேஸ் கனெக்ஷன் முகவரியை மாற்றும் அன்றே படிவம் 8-ஐயும் கொடுத்துவிடுங்கள். பழைய முகவரியில் ஆள் இல்லை என்று பெயர் நீங்கிப்போக வாய்ப்புண்டு.

ஓட்டின் அருமையை எனக்கு முழுதாக உணர்த்தியது மும்பை மாநகராட்சிதான். 2017-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரி 15-இல்தான் நடந்தது. இடையே ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் 227 வார்டுகளிலும் நகர்சேவக், அதாவது மாமன்ற உறுப்பினர், கிடையாது. சாக்கடை அடைத்தால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? நாம் தேர்ந்தெடுத்தவர் என்று உரிமையோடு கேட்க ஆளில்லாத காலம் அது. அந்தத் தேர்தலுக்கும் எடுத்துக்கொண்டது 2025 ஜூலை 1 நிலவரப்படியான பட்டியலைத்தான். டிசம்பரில் தேதி அறிவித்த பிறகு பெயர் சேர்க்க ஓடியவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை.

குடிமகனாக நம்மைக் கூப்பிடும் சந்தர்ப்பங்களே குறைவு. இதே மும்பை செஷன்ஸ் நீதிமன்றத்தில் 1959-இல் நானாவதி என்பவர் மீதான கொலை வழக்கில் ஒன்பது சாதாரண நகரவாசிகள் ஜூரிகளாக உட்கார்ந்தார்கள். எட்டுப் பேர் குற்றமில்லை என்றார்கள். நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். பிறகு ஜூரி முறையே போய்விட்டது. அந்தக் கடமை நம் கையைவிட்டுப் போனபின் எஞ்சியிருப்பதில் பெரியது ஓட்டு. அந்த ஓட்டும் எல்லாருக்கும் எப்போதும் இருந்ததில்லை. உப்புச் சத்தியாகிரகத்தின்போது, 1930 ஜூன் 1 அன்று, இதே வடாலாவின் உப்பளத்தில் சுமார் 15,000 பேர் திரண்டு சட்டத்தை மீறி உப்பு அள்ளினார்கள். அன்று அவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டுரிமையே இல்லை. நமக்கு இருக்கிறது.

ஓட்டுச்சாவடியில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். உங்கள் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டதாகச் சொன்னால் திரும்பி வராதீர்கள். தலைமை அலுவலரிடம் அடையாளத்தைக் காட்டி, டெண்டர் ஓட்டுச் சீட்டு கேளுங்கள். அது சட்டம் தந்த உரிமை.

18 வயது நிறைந்த பிள்ளைகளைச் சேர்க்க ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் என ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன. தேர்தல் வரட்டும் என்று காத்திருக்காமல், இந்த வாரமே 1950 என்ற எண்ணுக்குப் பேசி உங்கள் பெயரைச் சரிபாருங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர்களின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.