துஆவும் வேண்டும், தவாவும் வேண்டும்

பந்தல்குடியைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளில் மழை பொய்த்துவிட்டால், அந்த வாட்டம் வீட்டுக்குள்ளும் வந்துவிடுகிறது. விதைக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. குடும்பத் தலைவர் இரவெல்லாம் உறக்கமின்றிக் கிடக்கிறார்; உண்ண மறுக்கிறார்; எவரோடும் பேசுவதில்லை. நாம் என்ன செய்கிறோம்? "ஈமான் குறைந்துவிட்டது" என்கிறோம். அல்லது கண்ணேறு என்று சொல்லி, ஓதிப் பார்க்க அழைத்துச் செல்கிறோம். அவர் மனத்தில் இருப்பதை மட்டும் கேட்பதில்லை.

ஓதுவதும் துஆச் செய்வதும் நமக்கு அவசியமே. ஆனால், நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் நம் நாயகம் (ஸல்) அவர்கள்தாம். மனநோய் மட்டும் அதற்கு விலக்கா? 9-ஆம் நூற்றாண்டில் பிறந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் எழுதினார். கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனியே பரிகாரம் கூறினார்.

இதை மறந்ததன் விளைவை நம் பக்கத்து மாவட்டத்திலேயே கண்டோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் மனநோயாளர் விடுதி ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. ஏர்வாடி தர்காவிலும் பின்னாளில் 'தவா - துஆ' என்ற பெயரில் பிரார்த்தனையோடு மருத்துவமும் சேர்ந்தது.

நிற்க. மனநல ஆலோசகரிடம் சென்றால் என்ன நடக்கும்? அவர் முதலில் செவிசாய்ப்பார். இடைமறிக்கமாட்டார், குற்றம் சாட்டமாட்டார். கேட்டதை அமானிதமாகக் காப்பார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே உரியவரிடம் தெரிவிப்பார். "இப்படிச் செய்" என்று தீர்ப்பு வழங்குவதில்லை. கேள்விகள் கேட்டு, வந்தவரே தம் வழியைக் காணத் துணைநிற்பார். மாத்திரை தேவையெனத் தோன்றினால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்.

இம்முறை நமக்கு அந்நியமானதன்று. விபச்சாரத்திற்கு அனுமதி கேட்டு ஓர் இளைஞர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, சுற்றியிருந்தோர் அவரை அதட்டினார்கள். நபியவர்களோ அவரை அருகே அழைத்து அமர்த்தினார்கள். உன் தாய்க்கு இதை விரும்புவாயா, மகளுக்கு விரும்புவாயா, சகோதரிக்கு விரும்புவாயா என ஒவ்வொன்றாக வினவினார்கள். பதில்களை அவர் வாயாலேயே வரவழைத்தார்கள். பின்னர் அவர்மீது கை வைத்து துஆச் செய்தார்கள். கேட்பது முதலில், துஆ அதனோடு.

ஆகவே தாய்மார்களே, சகோதரர்களே! வீட்டில் ஒருவர் வாடியிருந்தால் அருகில் அமர்ந்து கேளுங்கள். அவர் சொன்னதை அடுத்த வீட்டில் சொல்லாதீர்கள்; அது அமானித மோசடி. "செத்தால் தேவலை" என்று அவர் சொன்னால் கோபித்து வாயடைக்காதீர்கள், தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' என்னும் அரசின் இலவச ஆலோசனை இரவு பகல் எந்நேரமும் தமிழில் கிடைக்கிறது.

ஷிபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. அதற்கான வழியைத் தேடுவது நம் கடமை. வாடிய உள்ளங்களுக்குச் செவிகொடுக்கும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.