வண்டியில் செய்யும் மாற்றங்களும் மறுவிற்பனை மதிப்பும்

மூட்டைக்கு ஒரு ரூபாய் குறைப்பதற்காக மொத்த வியாபாரியிடம் அரை மணி நேரம் பேசுகிற நாம், சரக்கு ஏற்றும் வண்டியை விற்கிற அன்று மட்டும் புரோக்கர் சொல்கிற விலைக்குத் தலையாட்டிவிட்டு வருகிறோம். அந்த விலை ஏன் குறைந்தது என்று கேட்டால், பெரும்பாலும் பதில் நாம் ஆசையாகச் செலவு செய்து வண்டியில் கட்டிய ஏதோ ஒன்றில்தான் இருக்கிறது. செலவும் நம்முடையது, நஷ்டமும் நம்முடையது. இந்த இதழில் அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பழவேற்காடு கடைத்தெருவிலும், ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களிலும் ஓடுகிற வண்டிகளை எடுத்துக்கொள்வோம். 2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் வந்தது முதல் இந்தக் 'குட்டி யானை' ரக வண்டிதான் சிறு வணிகனுக்குக் கை கால் எல்லாம். அதிகாலையில் இறாலும் நண்டும் மடவையும் ஐஸ் பெட்டியில் ஏறிப் பொன்னேரிக்கோ சென்னைக்கோ போகும். திரும்பும்போது செங்குன்றத்தில் அரிசி மூட்டை ஏறும். இப்படி இரட்டை வேலை பார்க்கும் வண்டிக்குத்தான் மாற்றங்கள் அதிகம். பக்கப்பலகையை உயர்த்துவது, தரையில் தகரம் அடிப்பது, பின்னால் ஒரு முழம் நீட்டுவது, ஸ்பிரிங் கட்டில் கூடுதல் பட்டை போடுவது, முன்னால் இரும்புக் குழாயில் பம்பர் வைப்பது, கேபினில் பாட்டுப் பெட்டியும் கலர் விளக்கும் மாட்டுவது என்று போகிறது பட்டியல்.

முதலில் ஒரு அடிப்படை. பழைய வண்டியின் விலையை நிர்ணயிப்பது நாம் செய்த செலவு அல்ல. அதை வாங்கத் தயாராக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான். மளிகைக்காரருக்கு இது புதிதல்ல. துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் யார் வந்தாலும் போகும். ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக வரவழைத்த சரக்கு, அவர் வராவிட்டால் தட்டிலேயே கிடந்து கடைசியில் அசல் விலைக்கும் கீழே போகும். வண்டியும் அப்படியே. கம்பெனி கொடுத்த உருவத்தில் உள்ள வண்டியை அரிசிக் கடைக்காரர் வாங்கலாம், காய்கறிக்காரர் வாங்கலாம், தண்ணீர் கேன் போடுபவர் வாங்கலாம். நிரந்தரமாக மீன் பெட்டி கட்டி வெல்டிங் வைத்துவிட்ட வண்டியை இன்னொரு மீன் வியாபாரிதான் வாங்குவார். அதிலும் மீன் வாடை ஏறிய தளத்தில் அரிசியும் சர்க்கரையும் ஏற்ற எந்த மளிகைக்காரர் சம்மதிப்பார்? "வண்டி நல்லாத்தான் இருக்கு அண்ணே, ஆனா இது மீன் வண்டியாச்சே" என்று புரோக்கர் இழுக்கும்போதே விலை இறங்கிவிடுகிறது.

உப்பும் வெல்டிங்கும்

நம் பகுதிக்கு மட்டும் உரிய விஷயம் இது. ஏரி உவர்நீர் ஏரி. காற்றிலும் உப்பு, மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரிலும் உப்பு. இந்தத் தண்ணீர் தளத்தின் இடுக்கு வழியாக இறங்கி, சேசிஸின் குறுக்குச் சட்டம், பிரேக் குழாய், வயரிங் இணைப்புகள் ஆகியவற்றில் தங்குகிறது. கம்பெனியில் பூசிய பூச்சு உள்ளவரை இரும்பு தாக்குப்பிடிக்கும். வெல்டிங் வைத்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோகிறது. மேலே பெயிண்ட் அடித்தாலும், உள்பக்கத்தில் எரிந்த இடம் வெறும் இரும்பாகவே இருக்கிறது. துரு அங்கேதான் தொடங்கும். தரையில் அடித்த தகரம் பார்வைக்கு வண்டியைக் காப்பதுபோலத் தெரியும். உண்மையில் தகரத்துக்கும் தளத்துக்கும் நடுவே உப்புத் தண்ணீரை அடைத்து வைக்கிறது. இரண்டு மூன்று வருடம் கழித்து வாங்க வருகிறவர் தகரத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் கதை முடிந்தது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வெல்டிங்குக்குப் பதில் போல்ட். தகரத்துக்குப் பதில் கழற்றிக் கழுவக்கூடிய ரப்பர் பாய் அல்லது பிளாஸ்டிக் கிரேட். தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காமல், ஒரு குழாய் வைத்துச் சேசிஸுக்கு வெளியே விழும்படி செய்துவிட வேண்டும். ஐஸ் பெட்டியை ஃபைபரில் தனியாகச் செய்து, நான்கு போல்ட்டில் உட்கார வைக்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை முழுவதும் ஃபைபர் படகு பரவிவிட்டதால், அந்த வேலை தெரிந்த கைகளுக்கு இங்கே குறைவில்லை. இப்படிச் செய்தால் வண்டியை ஒருவருக்கும் பெட்டியை இன்னொருவருக்கும் விற்கலாம். கழற்றிய அசல் பாகங்களை, அது ஒரு பக்கப்பலகையாகவோ சக்கரமாகவோ இருந்தாலும், பழைய இரும்புக்குப் போடாமல் கிடங்கின் மூலையில் வைத்திருங்கள். விற்கிற அன்று அவைதான் காசு. அடிப்பகுதிக்குத் துருத் தடுப்புப் பூச்சு அடிப்பதும், மாதம் சில முறை நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுவதும் கண்ணுக்குத் தெரியாத செலவுகள். ஆனால் நம் ஊரில் போட்ட பணத்தைத் திருப்பித் தரும் மாற்றம் ஒன்று உண்டென்றால் அது இந்தப் பூச்சுதான் என்பது என் கருத்து.

எடையின் கணக்கு

வண்டியின் மொத்த எடை இவ்வளவுதான் என்று ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. நாம் இரும்பு சேர்த்தால் அந்த எல்லை உயராது, சரக்குதான் குறையும். முக்கால் டன் ஏற்றும் வண்டியில் 150 கிலோவுக்கு இரும்புச் சட்டமும் தகரமும் கட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இனி சட்டப்படி ஏற்றக்கூடியது 600 கிலோதான். ஒரு நடைக்கு 50 கிலோ அரிசி மூட்டை மூன்று குறைகிறது. வருடத்துக்கு 300 நடை என்றால் 900 மூட்டை, அதாவது 45 டன் சரக்கு ஏற்றும் வசதியை நாமே காசு கொடுத்து இழந்திருக்கிறோம்.

ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்தால் அதிகம் ஏற்றலாமே என்பார்கள். பட்டை வளையாமல் நிற்கும். பிரேக்கும், அச்சும், டயரும், சேசிஸும் பழைய அளவிலேயேதான் இருக்கின்றன. வாங்குகிறவர் விவரம் தெரிந்தவராக இருந்தால், முதலில் குனிந்து பட்டையைத்தான் எண்ணுவார். கூடுதல் பட்டை என்பது "இந்த வண்டி இத்தனை நாளும் அதிக பாரம் சுமந்தது" என்று எழுதித் தொங்கவிட்ட போர்டு. 2019 திருத்தச் சட்டத்துக்குப் பின், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று இருக்கிறது. சிறு வண்டிக்காரருக்கு அது ஒரு மாத வருமானமே போய்விடுகிற தொகை.

சட்டம் என்ன சொல்கிறது

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்பிலிருந்து வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படி உருவ அமைப்பில் செய்யும் மாற்றம்தான் இங்கே 'மாற்றம்' எனப்படுகிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று இதை உறுதி செய்தது. உடலையோ சேசிஸையோ கம்பெனி அமைப்புக்கு மாறாகத் திருத்தக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வண்ணம் மாற்றுவது போன்றவை இதில் சேராது. ஆனால் வண்ணத்தை ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வேண்டும். மீறினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

எரிபொருள் மாற்றத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. அங்கீகாரம் பெற்ற கிட், அங்கீகாரம் பெற்ற இடத்தில் பொருத்தி, ஆர்.சி.யில் பதிவு செய்திருந்தால் சி.என்.ஜி. வண்டிக்கு விலை குறைய வேண்டியதில்லை. சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்யும் சோதனைச் சான்று கையில் இருக்க வேண்டும். பதிவு செய்யாத கிட் உள்ள வண்டியை மட்டும் தொடவே வேண்டாம்.

முன்பக்க இரும்பு பம்பரையும் சொல்லிவிடுகிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதும்போது அடி முழுவதும் நேராகச் சேசிஸுக்குப் போகிறது, காற்றுப்பை உள்ள கார்களில் அதன் வேலையும் கெடக்கூடும், பாதசாரிக்கும் ஆபத்து. கார் வைத்திருக்கும் நண்பர்கள் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதையும் உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் தடை செய்தது. பாட்டுப் பெட்டி, சீட் கவர் போன்றவற்றுக்கு விற்கும்போது தனி விலை கிடைப்பதில்லை. வயரை வெட்டி ஒட்டியிருந்தால் விலை குறையவும் செய்யும். வண்டி முழுவதும் கடைப் பெயரைப் பெயிண்டில் எழுதுவதைவிட உரித்தெடுக்கக்கூடிய ஸ்டிக்கரே மேல். படகுக்குப் பெயர் எழுதுவது வேறு. படகை அடுத்த வருடமே யாரும் விற்கப் போவதில்லை.

சரக்கு வண்டிக்கு எஃப்.சி. உண்டு என்பதை மறக்கலாகாது. எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும். மாற்றம் செய்த வண்டிக்காரர்கள் எஃப்.சி. வரும்போது எல்லாவற்றையும் கழற்றிக் காட்டிவிட்டுத் திரும்ப மாட்டுகிறார்கள். இந்தக் கழற்றி மாட்டும் வேலையிலேயே போல்ட் துளை பெரிதாகி, துருவும் கூடுகிறது. வாங்குகிறவருக்கு இந்தத் தொல்லை தெரியும், விலையில் கழித்துக்கொள்வார்.

இன்சூரன்ஸ்

பாலிசியில் எழுதும் காப்பீட்டு மதிப்பு, கம்பெனியின் பட்டியல் விலையிலிருந்து தேய்மானம் கழித்து வருவது. வண்டிக்கு மூன்று வயது முடிந்து நான்காவது நடக்கும்போது கழிவு 40 சதவிகிதம், ஐந்தாவது நடக்கும்போது 50 சதவிகிதம். ஆறு லட்ச ரூபாய் வண்டி நான்காவது வருடத்தில் 3,60,000 ரூபாய். அறுபதாயிரம் செலவில் நாம் வைத்த ஐஸ் பெட்டி பட்டியல் விலையில் இல்லை; தனியாகச் சொல்லி, பிரீமியம் கட்டிச் சேர்த்தால்தான் அதற்கும் அதே விகிதத்தில் 36,000 ரூபாய் மதிப்பு உண்டு. சொல்லாமல் விட்டால் பெட்டிக்கு ஒரு பைசாவும் இல்லை. அதோடு, அறிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி முழு இழப்பீட்டையே கம்பெனி கேள்வி கேட்கவும் வழி திறந்துவிடுகிறோம்.

பில் இருந்தால் வரி குறையும்

ஜி.எஸ்.டி. பதிவுள்ள வணிகர்கள் கவனிக்க. 2024 டிசம்பர் 21 அன்று நடந்த 55-ஆவது கவுன்சில் கூட்டத்தின் பரிந்துரைப்படி, பதிவு பெற்றவர் பழைய வண்டி விற்றால் லாபத் தொகை மீது 18 சதவிகிதம் வரி. தேய்மானம் கோரியிருந்தால், விற்ற விலைக்கும் தேய்மானம் போக உள்ள மதிப்புக்கும் இடையே உள்ள வித்தியாசமே லாபத் தொகை. அது இல்லையென்றால் வரியும் இல்லை. வாங்கும்போது உள்ளீட்டு வரி வரவு எடுத்தவர்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது.

வண்டியை 3,00,000 ரூபாய்க்கு விற்கிறோம், கணக்கில் மீதி மதிப்பு 2,60,000. வித்தியாசம் 40,000, வரி 7,200. இதே வண்டிக்கு இரண்டு வருடம் முன்பு 50,000 ரூபாய்க்குப் பில்லோடு பெட்டி செய்து, வரவு எடுக்காமல் கணக்கில் ஏற்றியிருந்தால், 15 சதவிகிதத் தேய்மானம் இருமுறை போக 36,125 ரூபாய் மீதி மதிப்பில் சேரும். வித்தியாசம் 3,875 ஆகி, வரி சுமார் 700 ரூபாயில் முடியும். பட்டறையில் துண்டுச் சீட்டில் கணக்கு முடிப்பவர்களுக்கு இந்த 6,500 ரூபாய் போய்விடுகிறது. உங்கள் கணக்கு எந்த முறையில் இருக்கிறது என்று ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது

நம்மில் பலர் விற்பவர் மட்டுமல்ல, செகண்ட் ஹேண்டில் வாங்குபவரும்கூட. மெக்கானிக்கைக் கூட்டிப்போவது சரிதான். அதற்கு முன் காலி வண்டியை எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்குங்கள். அந்த எடையை ஆர்.சி.யில் உள்ள காலி எடையோடு ஒப்பிட்டால், பெயிண்டுக்குள் மறைந்த இரும்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு சரிபாருங்கள். இன்ஜின் மாறியிருந்து பதிவு மாறவில்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஏரியில் வலை போடுவது நிற்காது என்றாலும், காசிமேட்டுப் பக்கம் மீன் வண்டிகளுக்கு வேலை குறைந்திருக்கும். மீன் பெட்டியோடு உள்ள வண்டியை விற்பவர் அந்த இரண்டு மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. வாங்குபவர் அப்போதுதான் தேட வேண்டும்.

விலை படிந்தபின் 29, 30 ஆகிய படிவங்களில் கையெழுத்து, கடன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் 35-ஆம் படிவம். விற்பவர் 14 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 'பேர் அப்புறம் மாத்திக்கலாம்' என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டியை ஒப்படைக்கும் சீட்டில் தேதியோடு மணியையும் எழுதி, வண்டியில் உள்ள மாற்றங்கள் இன்னின்னவை என்று குறித்து, வாங்குபவர் கையெழுத்தையும் பெற்று ஒரு நகலைக் கடைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.