கொரோனா ஆய்வில் வேலை: இன்டர்வியூவுக்குப் போகும் முன்

வைரஸ் ஆய்வகங்களில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) இன்டர்வியூவுக்குப் போனால் இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கலாம்: "கொரோனா வைரஸை எந்த செல்லில் வளர்ப்பீர்கள்?" வெரோ செல் என்று எல்லோரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். "சரி, அதே செல்லில் இன்டர்ஃபெரான் அளந்து காட்டுங்கள்" என்று அடுத்த கேள்வி வரும்போதுதான் பலருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

வெரோ செல்கள் 1962-ல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கப்பட்டவை. முதல் வகை இன்டர்ஃபெரான் மரபணுக்கள் அவற்றில் இல்லை. வெளியிலிருந்து இன்டர்ஃபெரான் ஊற்றினால் அந்த செல் அதற்குச் செவிசாய்க்கும். தானாக உண்டாக்கத் தெரியாது. வைரஸ் அதில் கொழுத்து வளர அதுவும் ஒரு காரணம். ஆகவே உடலின் முதல் தற்காப்பான இன்டர்ஃபெரானை வைரஸ் எப்படி ஏமாற்றுகிறது என்று பார்க்க வேண்டுமானால் கேலு-3 போன்ற மனித நுரையீரல் செல்லுக்கோ, மூச்சுக்குழாய் உள்தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்லுக்கோ போக வேண்டும். இந்த விஷயம் தெரிந்தவருக்கும் புரதப் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு நிமிடத்தில் வெளியாகிவிடும்.

அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இன்டர்ஃபெரானை 1957-ல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டன்மனும் கண்டறிந்தார்கள். செல்லுக்குள் அந்நிய ஆர்என்ஏ நுழைந்தால் எம்டிஏ5, ரிக்-ஐ போன்ற உணரிகள் அதைப் பிடிக்கின்றன. செய்தி ஐஆர்எஃப்3 வழியாக உட்கருவுக்குப் போகிறது, இன்டர்ஃபெரான் வெளியாகிறது. பக்கத்து செல்கள் ஸ்டாட்1 மூலம் அதை ஏற்று, வைரஸைத் தடுக்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்குகின்றன. ஆன்டிபாடி தயாராகப் பல நாள் பிடிக்கும். அதுவரை தாக்குப்பிடிக்க உதவுவது இந்த ஏற்பாடுதான்.

ஏறக்குறைய 30,000 எழுத்து நீளமுள்ள தன் ஆர்என்ஏவில், கொரோனா வைரஸ் இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் அறுக்க ஆயுதம் வைத்திருக்கிறது. படியெடுக்கும் வேலையை இரட்டைச் சவ்வுப் பைகளுக்குள் ஒளித்துச் செய்கிறது. மிச்சமாகக் கிடக்கும் ஆர்என்ஏ துண்டுகளை என்எஸ்பி15 வெட்டித் தள்ளுகிறது. என்எஸ்பி16 செய்வது இன்னும் நயமான வேலை: வைரஸ் ஆர்என்ஏவின் தலைமுனையில் ஒரு மீத்தைல் குறி வைத்து, அதை நம் செல்லின் சொந்த ஆர்என்ஏ போலவே தோன்ற வைக்கிறது. கல்யாண வீட்டில் பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளை வீட்டு ஆளாகவும், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டு ஆளாகவும் தெரிந்து பந்தியில் உட்கார்ந்துவிடும் ஆசாமியைப் பார்த்திருப்பீர்களே, அதே சாமர்த்தியம். இவ்வளவையும் மீறி எச்சரிக்கை கிளம்பினால், ஓஆர்எஃப்6 உட்கருவின் வாசலிலேயே ஸ்டாட்1-ஐ மறித்துவிடும்.

இவற்றில் என்எஸ்பி1 மட்டும் தனியாக நின்று பார்க்க வேண்டிய ஒன்று. இதன் வால்பகுதி ரைபோசோமில் எம்ஆர்என்ஏ நுழையும் வழியை அடைத்துக்கொள்கிறது என்று 2020-ல் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் காட்டின. செல் தன் புரதங்களைச் செய்ய முடியாமல் திணறும். வைரஸின் எம்ஆர்என்ஏவோ முன்முனையில் உள்ள ஓர் அமைப்பின் தயவால் தப்பிவிடும். இதைச் சோதிக்கும்போதுதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். இன்டர்ஃபெரான் புரமோட்டரோடு ஒளி தரும் லூசிஃபரேஸ் மரபணுவை இணைத்து, என்எஸ்பி1-ஐச் செல்லில் உண்டாக்கினால் வெளிச்சம் குறைந்துவிடும். இன்டர்ஃபெரான் பாதையைத் தடுத்துவிட்டது என்று எழுதிவிடலாமா? கூடாது. லூசிஃபரேஸும் ஒரு புரதம்தானே! புரத உற்பத்தியே முடங்கிய இடத்தில் எந்த விளக்கும்தான் எரியாது. ஒப்பீட்டுக்கு வைத்த ரெனில்லா லூசிஃபரேஸின் ஒளியும் சேர்ந்தே குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எம்ஆர்என்ஏ அளவைத் தனியாக க்யூபிசிஆரில் அளக்க வேண்டும்.

பொதுவாகவே, ஹெக்293டி செல்லில் ஒற்றைப் புரதத்தை அளவுக்கு மீறி உண்டாக்கிவிட்டு "இதுவும் இன்டர்ஃபெரானை அடக்குகிறது" என்று வரும் கட்டுரைகளை நான் அரை நம்பிக்கையோடுதான் படிப்பேன். வைரஸிலேயே அந்த ஒரு வேலையை மட்டும் கெடுத்துப் பார்ப்பதுதான் வலுவான சான்று. 2011-ல் வந்த ஆய்வில் அப்படித்தான் செய்தார்கள்: என்எஸ்பி16-இன் திறனை இழந்த கொரோனா வைரஸ்கள் கூடுதலாக இன்டர்ஃபெரானைத் தூண்டின, எம்டிஏ5 இல்லாத செல்களில் அந்தத் தூண்டுதல் காணாமல் போனது.

நேரக் கணக்கும் பிடிபட வேண்டும். கடுமையான கோவிட் நோயாளிகள் 987 பேரில் 101 பேரின் ரத்தத்தில், தங்கள் இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்ததாக 2020-ல் சயன்ஸ் இதழில் வெளியானது. அப்படியானால் இன்டர்ஃபெரானை மருந்தாகக் கொடுத்தால் போதுமே என்று தோன்றும். உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி சோதனையில் மருத்துவமனையில் படுத்துவிட்டவர்களுக்குக் கொடுத்தபோது உயிரிழப்பு குறையவில்லை. அறிகுறி தொடங்கி ஒரு வாரத்துக்குள் லாம்டா வகை இன்டர்ஃபெரான் ஒரே ஊசி போட்ட 2023-ஆம் ஆண்டுச் சோதனையிலோ, மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை பாதியாகக் குறைந்தது. லாம்டா வேறு வகை, நோயாளிகளும் வேறு என்பது உண்மைதான். இருந்தாலும் நாளின் கணக்கை ஒதுக்கிவிட முடியாது. லேபிலும் அப்படியே. 24-ஆம் மணியில் மட்டும் மாதிரி எடுத்தவர் முதல் ஆறு மணியில் நடந்ததைப் பற்றிப் பேச முடியாது.

எனவே கற்றுக்கொள்ள வேண்டியது: ஆர்என்ஏவைக் கெடாமல் பிரிப்பது, ஐஎஸ்ஜி15, ஐஎஃப்ஐடி1 போன்ற மரபணுக்களுக்கு க்யூபிசிஆர், பாஸ்போ-ஐஆர்எஃப்3க்கு வெஸ்டர்ன் பிளாட். லைசிஸ் பஃபரில் பாஸ்பட்டேஸ் இன்ஹிபிட்டர் சேர்க்க மறந்தால் அந்தப் பட்டை காணாமலே போய்விடும். பழியை ஆன்டிபாடி கம்பெனி மேல் போடுவார்கள். இவற்றைப் பழக பிஎஸ்எல்-3 என்ற உயர் பாதுகாப்பு ஆய்வகம் தேவையில்லை. சளி உண்டாக்கும் ஓசி43, 229இ வைரஸ்களைப் பிஎஸ்எல்-2 வசதியிலேயே கையாளலாம். கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்குத் தனிக் கதவே உண்டு: கோழிகளைத் தாக்கும் தொற்று மூச்சுக்குழல் அழற்சி (ஐபி) வைரஸும் கொரோனாதான். நாமக்கல் பண்ணைக்காரர்களுக்கு ஐபி தடுப்பூசி என்றால் விளக்கம் சொல்லத் தேவையிருக்காது.

நெட், கேட், பிஇடி, ஐசிஎம்ஆர் தேர்வுகளில் எதற்கெல்லாம் தகுதியோ அதையெல்லாம் எழுதிவிடுங்கள். புனே தேசிய வைராலஜி நிறுவனம், ஹைதராபாத் சிசிஎம்பி, ஃபரீதாபாத் டிஎச்எஸ்டிஐ, பெங்களூரு ஐஐஎஸ்சி, திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி மையம் ஆகியவற்றின் அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள். ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி உண்டா என்று சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள்.

சேர்ந்த பிறகு பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். 2003 செப்டம்பரில், சார்ஸ் பரவல் ஓய்ந்த பிறகு, சிங்கப்பூரில் மேற்கு நைல் வைரஸில் வேலை செய்த ஓர் ஆராய்ச்சி மாணவருக்கு சார்ஸ் இருப்பது உறுதியானது. அவர் கையாண்ட மாதிரியில் சார்ஸ் வைரஸ் கலந்திருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். முறையான பயிற்சியும், கூட நிற்க அனுபவமுள்ள ஒருவரும் இல்லாமல் பிஎஸ்எல்-3 அறைக்குள் போகச் சொன்னால், சொல்பவர் எவ்வளவு பெரிய புரபசராக இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.