மரத்தில் ஒட்டிய பெயிண்டை எடுப்பது எப்படி?



பொங்கல் நோம்பிக்கு வீட்டுக்கு வர்ணம் அடித்து முடித்ததும் பார்த்தால், கதவு நிலையிலும் மச்சுப் பலகையிலும் பெயிண்ட் சொட்டுச் சொட்டாகக் காய்ந்து கிடக்கும். கத்தியால் சுரண்டினால் பாலிஷும் போய் மரத்தில் கீறல் விழும். "சீமெண்ணெய் ஊத்தித் தேய்ச்சாப் போயிருங்களா?" என்று குழுக் கூட்டத்தில் கேட்கிறீர்கள். எல்லாப் பெயிண்டும் போகாது.

சுவருக்கு அடிக்கிற டிஸ்டெம்பர், எமல்ஷன் எல்லாம் தண்ணீரில் கலக்குவது. ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் வந்துவிடும். காய்ந்துவிட்டால், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். ஊறியதும் பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேலால் மர ரேகை போகிற போக்கிலேயே மெதுவாகத் தள்ளுங்கள்.

கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கும் எனாமல் எண்ணெய்ப் பெயிண்ட். ஈரமாக இருந்தால் டர்பன்டைன் தொட்ட துணியால் துடைக்கலாம். அடுப்பு எரிகிற இடத்தில் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது. காய்ந்தபின் அதற்கும் கரையாது. ஸ்கேலால் நெம்பி எடுத்துவிட்டு, மிச்சத்தை நைசான வாட்டர் பேப்பரால் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பாலிஷ் போட வேண்டியதுதான். தின்னர் வேண்டாம், பாலிஷையும் சேர்த்துக் கரைக்கும். ஸ்பிரிட்டும் அப்படியே. ஆசாரிமார் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பாலிஷ் போடுகிறார்கள்!

இதெல்லாம் புதுப் பெயிண்ட் சொட்டுக்கு. பழைய கதவு முழுவதையும் சுரண்டுவதுதான் ஆபத்தான வேலை. 2017 நவம்பர் முதல், வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி நடப்பில் உள்ளது. அதற்கு முன் அடித்த எனாமலில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயம் நிறையவே இருந்திருக்கலாம். (இது காரீயம். பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் வேறு.) உலர்ந்த கதவை உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் வீடெல்லாம் பறக்கும். தவழும் குழந்தை கையை வாயில் வைத்தால் உள்ளே போய்விடும். இரத்தசோகை வரும், மூளை வளர்ச்சி கெடும். வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் பாதிக்கும்.

சித்தாள் வேலைக்குப் போகிற நம் பெண்களுக்குத்தான் இந்தத் தேய்ப்பு வேலையைக் கொடுப்பார்கள். முந்தானையை மூக்கில் கட்டினால் போதாது. என்-95 முகக்கவசம் கேளுங்கள். கதவைத் தண்ணீர் தெளித்து நனைத்தே தேயுங்கள். கீழே பாலித்தீன் விரித்துக்கொள்ளுங்கள். கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கை கழுவி, சேலை மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். கர்ப்பிணிகள் இந்த வேலைக்குப் போகவே வேண்டாம். சுரண்டிய தூளைக் குப்பைக் குழியில் கொட்டினால் எருவோடு காட்டுக்குப் போகும். பையில் கட்டி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்று. உடைந்த பழைய ஜன்னல் சட்டத்தைச் சும்மா கிடக்குதே என்று வெந்நீர் அடுப்பில் வைக்கிறோம். ஈயம் புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலில்தான் பாத்திரமும் விளக்குகிறோம். பெயிண்ட் அடித்த கட்டை எதுவும் அடுப்புக்கு ஆகாது.

சுவரையோ கதவையோ சுரண்டித் தின்கிற பழக்கம் பிள்ளைக்கு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பரிசோதனை செய்து பார்க்கலாம்.